அஃறிணையில் சொன்னது

பிப்ரவரி 11, செவ்வாய்

காலையில் மொட்டை மாடிக்குப் போய்க் காடைகளின் தண்ணீர்க் கிண்ணங்களைக் கழுவினேன். இந்த வீட்டில் எனக்கென்று இருக்கும் வேலை அது ஒன்றுதான். மாப்பிள்ளை தந்ததல்ல, நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டது. நடு அடுக்குக் கூண்டில் ஒன்று செத்துக் கிடந்தது. இந்த வாரத்தில் இது முதல் சாவு அல்ல. மற்றவை இறகைச் சிலிர்த்துக் கண்ணை மூடிக்கொண்டு, வராத பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கிழவர்களைப் போல நின்றன.

குப்பையில் போட மனம் வரவில்லை. கீழே துணி துவைக்கும் கல்லில் செய்தித்தாளை விரித்து அறுத்துப் பார்த்தேன். கழுத்தடியில் தீனி தங்கும் பை உள்பக்கம் வழவழவென்று இருக்க வேண்டும். இதிலோ, நனைந்த துவாலையை உள்ளே ஒட்டி வைத்ததுபோல் வெள்ளையாகத் தடித்திருந்தது. நகத்தால் சுரண்டினால் திரிந்த பால் மாதிரி உரிந்து வந்தது. கல்லூரியில் பூஞ்சைகளைப் பற்றிப் பாடம் நடத்தியே ஓய்வுபெற்றவன் நான். எனக்கு இது என்ன என்று தெரியாமல் போகாது. ஈஸ்ட். ரொட்டிக்குப் போடுவது அல்ல, அதன் உறவுக்காரர்களில் கெட்டுப்போன ஒன்று.

போன வாரம் பறவைகளுக்குக் கழிச்சல் கண்டது என்று மாப்பிள்ளை தண்ணீரில் ஆன்டிபயாட்டிக் கலந்து வைத்தார். அது பாக்டீரியாவைக் கொல்லும். இடம் காலியானதும் ஈஸ்ட் குடியேறும். பாவம், அவருக்கு எப்படித் தெரியும்.

கூண்டுகளுக்குப் பக்கத்தில், படிக்கட்டு அறையில் உட்கார்ந்து மகள் முட்டை அடுக்குகிறாள். இரத்தப் புற்றுநோய்க்கு இரண்டாம் சுற்று மருந்து முடிந்து வந்திருக்கிறாள். நெஞ்சில் மருந்து ஏற்றும் குழாய் அப்படியே இருக்கிறது. வெள்ளணுக்கள் அநேகமாக இல்லை. வீட்டில் நாய் இல்லை, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதுபோல ஒரு உடம்பு. ஏன் ஏறி வருகிறாய் என்றால், "சும்மா படுத்தா செத்துட்ட மாதிரி இருக்குப்பா. முட்டை அடுக்கினா ஏதோ ஆபீஸ் போற மாதிரி இருக்கு" என்கிறாள்.

சொல்லிவிட வேண்டும். இன்று சாப்பிடும்போது.

பிப்ரவரி 12

சொல்லவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

ஏன் சொல்லவில்லை என்பதை எனக்காவது ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

மாப்பிள்ளையின் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். மகளோடு என் வீட்டுக்கு வந்தார். வந்த நாளிலிருந்து நாற்காலியின் நுனியில்தான் உட்கார்வார். 'வீட்டோடு மாப்பிள்ளை' என்று ஒருவர் விளையாட்டாகச் சொன்னதற்கு ஒரு வேளை சாப்பிடாமல் எழுந்து போனவர். மாடியில் காடை வளர்க்க ஆரம்பித்த பிறகுதான் அவர் குரல் வீட்டில் கேட்கிறது. அவரிடம் போய், உங்கள் பறவைகள் என் மகளுக்கு ஆபத்து என்று நான் எப்படிச் சொல்வது?

அதோடு, எனக்கு உறுதியாகத் தெரியுமா? ஒரு பறவையை அறுத்துப் பார்த்தேன். ஒன்றைப் பார்த்து முடிவு கட்டும் மாணவனுக்கு நான் என்ன மதிப்பெண் போட்டிருப்பேன்?

ஆகவே முதலில் சோதித்துப் பார்ப்பது. இது நிதானமா, கோழைத்தனமா? இரண்டும் என்னிடம் ஒரே சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வருகின்றன.

பிப்ரவரி 17, திங்கள்

பரணிலிருந்து நுண்ணோக்கியை இறக்கினேன். செத்துப்போன இன்னொரு காடையின் தீனிப்பையைச் சுரண்டி எடுத்து, காடை முட்டையின் வெள்ளைக் கருவிலேயே கரைத்தேன். மனித உடம்பின் சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால், கெட்ட ஜாதி ஈஸ்ட் முளைவிடும். மற்றவை சும்மா கிடக்கும். கல்லூரியில் அதற்கென்று பெட்டி உண்டு. இங்கே மனித உடம்பின் சூட்டுக்கு எங்கே போவது என்று யோசித்து, சின்னக் குப்பியை இறுக மூடித் துணியில் சுற்றி என் கக்கத்திலேயே இடுக்கிக்கொண்டேன்.

சம்பந்தியம்மாள் வந்திருக்கிறார், மருமகளைப் பார்த்துக்கொள்ள. அவர் கண்ணில் ஒன்றும் தப்பாது.

"என்ன, கை சுளுக்கிக்கிச்சா?"

"இல்லீங்க."

"காலைலேர்ந்து ஒத்தக் கையாலயே எல்லாம் செய்யிறீங்க. காபிய இடது கையில வாங்கினீங்க. பேப்பரை வாயில கடிச்சுக்கிட்டுப் புரட்டினீங்க."

"வாய்வுப் பிடிப்பு."

"வாய்வு வயித்துலதானே பிடிக்கும், கக்கத்துல எப்படிப் பிடிக்கும்?"

மகள் சிரித்துச் சிரித்து இருமினாள். எவ்வளவு நாளாயிற்று அவள் சிரித்து. ஒரு நிமிடம் நான் எதற்காகக் குப்பியை வைத்திருக்கிறேன் என்பதே மறந்துபோனது.

பிறகு பார்த்தேன். முளைவிட்டிருந்தது. உருண்டை ஒவ்வொன்றிலிருந்தும் மெல்லிய வால் நீண்டிருந்தது, படத்தில் போட்ட மாதிரி அவ்வளவு சுத்தமாக. 'ஆகா' என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். எதைப் பார்த்து ஆகா என்றோம் என்று அப்புறம்தான் உறைத்தது. வெட்கம்.

பிப்ரவரி 18

பறவையின் உடம்பு நம்முடையதைவிடச் சூடு. அந்தச் சூட்டிலேயே பிறந்து வளர்ந்த ஈஸ்ட்டுக்கு மனிதக் காய்ச்சல் ஒரு பொருட்டே இல்லை. நாம் காய்ச்சல் என்று கொளுத்திப் போடுவது அதற்குச் சொந்த ஊர் வெயில்.

இதை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். பையன்கள் எழுதிக்கொள்வார்கள்.

பிப்ரவரி 20, வியாழன்

மகளிடம் சொன்னேன். அதாவது, சொல்லப் போனேன். குளியலறையில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போன வாக்கியம், அவள் முகத்தைப் பார்த்ததும் பாதியாகிவிட்டது.

"காடைங்களுக்கு ஒரு ஈஸ்ட் தொற்று இருக்கும்மா. நீ கொஞ்சம்..."

"ஈஸ்ட்தானேப்பா? நான் என்ன மாவா, பொங்கி வர்றதுக்கு?"

"மாஸ்க்காவது போட்டுக்கோ."

"போட்டுக்கிறேன், போட்டுக்கிறேன். வாத்தியார் சொன்னா சரி."

மாஸ்க்! இருந்த தைரியத்தையெல்லாம் திரட்டி நான் கேட்டது அதுதான். 'மாடிக்குப் போகாதே' என்று சொல்ல எத்தனை எழுத்து வேண்டும்?

பிப்ரவரி 23, ஞாயிறு

சுரண்டி எடுத்ததை என் பழைய மாணவி ஒருத்திக்குக் கொடுத்தனுப்பியிருந்தேன். இப்போது அவள் ஒரு பெரிய ஆய்வகத்தில் டாக்டர். இன்று போனில் கூப்பிட்டாள். எனக்குக் காது மந்தம் என்பதால் மாடியில் ஆளில்லாத இடத்துக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று சத்தமாகவே பேசினேன். அவளோடு பேசுவது எளிது. எந்த உறவுமுறையும் இடையில் இல்லை. கிருமிக்கு வேண்டியது ஒரு சந்தர்ப்பம்தான் என்று சொல்லி வகுப்பில் நான் கற்றுக்கொடுத்த பேரை அவள் இன்னும் மறக்கவில்லை. பறவைகளை அகற்றுவதுதான் வழி என்றாள். எனக்கும் தெரியும்.

நாளை மாப்பிள்ளையிடம் நேராகவே பேசிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

இரண்டு நாளாக மாப்பிள்ளை என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கூடத்துக்கு வந்தால் எழுந்து போகிறார். காரணம் தெரியாமல் தவித்தேன். இன்று சம்பந்தியம்மாள் வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"எம்புள்ளைய வெளியேத்தணும்னா நேராச் சொல்லியிருக்கலாம். போன்ல ஊரைக் கூட்டிச் சொல்லணுமா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை தொட்டிக்கு அந்தப்பக்கம் குழாயைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் பேசியது முழுவதும் காதில் விழுந்திருக்கிறது. மாணவி பேசியது விழவில்லை. என்ன பேசினேன் என்று நினைவுக்குக் கொண்டுவந்து எழுதிப் பார்க்கிறேன்:

"சந்தர்ப்பவாதிதாம்மா, சந்தேகமே இல்லை... இல்ல இல்ல, புதுசா வந்ததில்ல, நம்ம வீட்டோடயேதான் இருக்கு. மாடியிலதான்... அவ தெம்பா இருந்த வரைக்கும் வாலைச் சுருட்டிக்கிட்டு இருந்திருக்கும். இப்ப அவ சாய்ஞ்சுட்டாளே, இனிமே தலைக்கு மேல ஏறிடும்... ஆமா, வெளியேத்தணும்தான். எனக்குத்தான் வாயத் தொறக்க தைரியம் வரல."

ஐயோ.

ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, 'ஈஸ்ட்' என்று நடுவில் சொல்லியிருக்கக் கூடாதா? எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவது நம் மொழியில் எவ்வளவு வசதி. அந்த இடத்தில் யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்துகொள்ளலாம்.

"சந்தர்ப்பவாதின்னதைக்கூடப் பொறுத்துக்கிட்டான்" என்றார் சம்பந்தியம்மாள். "இருக்கு, இருந்திருக்கும், ஏறிடும்னு பேசினீங்களாமே, ஆடு மாட்டைச் சொல்ற மாதிரி. எதிர்ல நின்னா வாங்க போங்க, பின்னால அது இதுவா? அதுக்குத்தான் அழுதான். நாற்பது வயசு ஆம்பளை, எங்கிட்ட வந்து அழுதான்."

பிப்ரவரி 26

அவரிடம் போய் விளக்கினேன். "மாப்பிள்ளை, நான் சொன்னது கிருமியைப் பத்தி. ஈஸ்ட்டுக்கு அப்படி ஒரு பேர் உண்டு. உடம்பு பலமா இருக்கிறப்போ..."

"ஈஸ்ட்டுக்கு சந்தர்ப்பவாதின்னு பேரு?"

"ஆமா."

"மாமா, நான் பெரிய படிப்பெல்லாம் படிக்கல. ஆனா திட்டு வாங்கினா திட்டுன்னு தெரியும். விடுங்க. இவ உடம்பு தேறட்டும், நாங்க வேற இடம் பாத்துக்கிறோம்."

நுண்ணோக்கியில் காட்டட்டுமா என்று கேட்டேன். அவர் மாடிக்கு ஏறிப் போய்விட்டார். இப்போது யோசித்தால் எனக்கே என் விளக்கம் பொய்யாகத்தான் படுகிறது.

பிப்ரவரி 28, வெள்ளி

மகள் இப்போது முட்டை அடுக்குவதோடு நிற்கவில்லை. கூண்டுக்கு அடியில் எச்சம் விழும் தட்டுகளையும் தட்டிக் கழுவுகிறாள். தூசு பறக்கிறது. மாஸ்க் கழுத்தில் தொங்குகிறது, மூச்சு முட்டுகிறதாம்.

படிக்கட்டில் மறித்தேன். "உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்? அப்பா கையெடுத்துக் கும்பிடுறேன்."

"நீங்க கிருமியைப் பத்திதான் பேசினீங்கன்னு எனக்குத் தெரியும்பா. நான் உங்க பொண்ணு. சின்ன வயசுலேர்ந்து உங்ககிட்ட இதெல்லாம் கேட்டு வளர்ந்தவ. அவருக்குத் தெரியாதுல்ல? இந்த நேரம் பாத்து நான் மாடிக்குப் போறதை நிறுத்தினா நானும் உங்க கட்சின்னு ஆயிடும். அவருக்கு அப்புறம் யாருப்பா இருக்கா?"

"கட்சியா இப்ப முக்கியம்?"

"கொஞ்ச நாள். கோவம் ஆறட்டும். அப்புறம் நீங்க சொல்ற மாதிரி படுத்தே கிடக்கிறேன்."

வழியை விட்டேன். நான்தான் ஒதுங்கினேன், அவள் தள்ளவில்லை.

மார்ச் 4

அவள் நாக்கில் வெள்ளை. வாய் எரிகிறது என்று தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாள்.

மார்ச் 7, வெள்ளி

காய்ச்சல். சாயங்காலம் கிடுகிடுவென்று உடம்பு தூக்கிப் போட்டது. நெஞ்சுக் குழாயைச் சுத்தம் செய்ய நர்ஸ் வந்து மருந்து ஏற்றிய கொஞ்ச நேரத்தில். ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. இரத்தம் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்க வைத்திருக்கிறார்கள். ஈஸ்ட்டையும் பாருங்கள் என்று டாக்டரிடம் சொல்ல நினைத்து... சொன்னேன். ஆமாம், இந்த முறை சொல்லிவிட்டேன். "பாத்துக்கிறோம் சார்" என்றார். எல்லாக் கிழவர்களும் ஏதாவது சொல்வார்கள் என்று நினைத்திருப்பார்.

கடவுளே. இவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்ததே. இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா நான்? என்ன பண்ணிட்டிருந்தேன்? குப்பியை இடுக்கிக்கிட்டு வீடு பூரா நடந்துக்கிட்டிருந்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

இரத்தத்தில் ஈஸ்ட்.

டாக்டர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். மாப்பிள்ளை எனக்கு முதுகைக் காட்டி நின்றார். டாக்டர் நல்ல தமிழில், பொறுமையாக விளக்கினார்.

"இது ஒரு சந்தர்ப்பவாதக் கிருமிங்க. சும்மா உள்ள இருக்கும், ஒண்ணும் பண்ணாது. ஆள் பலவீனமாகிற நேரம் பாத்து மேல ஏறிடும்."

மாப்பிள்ளை திரும்பி என்னைப் பார்த்தார். இந்தப் பதினைந்து நாளில் அவர் என் முகத்தைப் பார்த்தது அப்போதுதான். நான் தரையைப் பார்த்தேன். என் பேச்சு மெய்ப்பட்ட நேரம். அதைவிட நான் திட்டியதாகவே இருந்துவிட்டுப் போயிருக்கலாம்.

மார்ச் 12

ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மாமா" என்றார். பிறகு: "நம்ம காடையிலேர்ந்தா?"

"தெரியலை மாப்பிள்ளை."

"நீங்க படிச்சவரு. சொல்லுங்க."

"நிஜமாவே தெரியலை. இது எல்லாருடைய வயித்துலயும் இருக்கக்கூடியது. எங்கேர்ந்து வந்ததுன்னு..."

என் 'தெரியலை' உண்மை. அந்த உண்மை யாருக்கு என்ன பயன்? அவர் எழுந்து வீட்டுக்குப் போனார். சாயங்காலம் சம்பந்தியம்மாள் வந்து சொன்னார்: அத்தனை பறவைகளையும் ஒவ்வொன்றாகக் கழுத்தைத் திருகி, கோணியில் கட்டிக் கொண்டுபோய்ச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிட்டாராம். "பாத்திரம் தேய்க்கிற மாதிரி செஞ்சுக்கிட்டே இருந்தான்."

மார்ச் 15, சனி

முதல் மருந்துக்கு மசியவில்லை. இரண்டாவது மருந்து சிறுநீரகத்தைப் பிடிக்கிறது.

மாணவி கூப்பிட்டாள். மகளின் இரத்தத்தில் வளர்ந்ததை ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி, காடையில் வளர்ந்ததோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். ஒரே இனம். இரண்டும் அதே மருந்துக்கு அடங்கவில்லை. "ஒரே ஊர்க்காரங்கன்னு சொல்லலாம் சார். ஒரே வீட்டுக்காரங்கன்னு சொல்ல முடியாது." அதற்கு மரபணுவைப் படித்துப் பார்க்க வேண்டும், அந்த வசதி அவளிடம் இல்லை. காடையிலிருந்து எடுத்த மாதிரியும் இந்தச் சோதனைக்குப் பிறகு கெட்டுவிட்டது. ஆகவே இனி ஒருபோதும் தெரியப்போவதில்லை.

மார்ச் 19

மகள் விழித்திருந்தாள். வாய் முழுக்கப் புண். பேச்சு குழறியது. குனிந்து காதை வைத்தேன்.

"அப்பா, கக்கம் எப்படி இருக்கு? வாய்வு விட்டுச்சா?"

விட்டுடிச்சும்மா என்றேன்.

மார்ச் 24, திங்கள்

மகள் போய்விட்டாள். காலையில். நர்ஸ் ஜன்னலைத் திறக்கச் சொன்னார், திறந்தேன்.

மார்ச் 31

எழுத ஒன்றும் இல்லை. இவள் அம்மா போனபோதும் இப்படித்தான் தேதியை மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது பக்கத்து அறையில் இவள் இருந்தாள்.

ஏப்ரல் 3, வியாழன்

மாப்பிள்ளை சாப்பிடுவதில்லை. காலி கூண்டுகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறார். சம்பந்தியம்மாள் தட்டை மேலே கொண்டுபோவதும் கீழே கொண்டுவருவதுமாக இருக்கிறார். இன்று என்னிடம், "நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பான். என்னமோ ஒண்ணு சொல்லுங்க. என் வயித்துப் பிள்ளையும் போயிடுமோன்னு இருக்கு" என்றார். கிண்டல் எல்லாம் எங்கே போயிற்று அவருக்கு.

மேலே போனேன். வெயில் கூண்டுகளின் தகரக் கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் தலையை நிமிர்த்தாமலே பேசினார்.

"நான்தான் கொன்னுட்டேன் மாமா. நீங்க வெளியேத்தணும்னீங்க. என்னைத்தான் சொல்றீங்கன்னு ரோஷப்பட்டேன். அந்த ரோஷத்துக்கு அவ வந்து தட்டுக் கழுவினா."

நான் சொன்னேன்:

"ரிப்போர்ட் வந்துடுச்சு மாப்பிள்ளை. காடையில இருந்தது வேற, அவ உடம்புல இருந்தது வேற. அவ வயித்துலயே முன்னாடியிருந்து இருந்ததுதான். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

இந்த வார்த்தையை நான் என் வகுப்பில்கூடச் சொன்னதில்லை. 'பெரும்பாலும்', 'இதுவரை தெரிந்தவரை' என்றுதான் சொல்வேன், பையன்கள் கேலி செய்வார்கள். இன்று தடுமாறாமல் வந்தது.

அவர் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். முதுகைத் தடவிக் கொடுத்தேன். எத்தனை வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவரை நான் தொட்டதே இல்லை.

ஏப்ரல் 4

சாப்பிட்டார்.

மே 19, திங்கள்

காலையில் காடைக் குஞ்சுகள் வந்து இறங்கின. அட்டைப் பெட்டிகளில், விரல் நீளம்கூட இல்லாமல், பஞ்சு பஞ்சாக. மாப்பிள்ளை நேற்றே கூண்டுகளுக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்து முடித்திருந்தார். வேறு இடம் பார்க்கும் பேச்சை விட்டுவிட்டார். சம்பந்தியம்மாளும் இங்கேயே தங்குகிறார். முட்டை வர ஆரம்பித்தால் தானே அடுக்குவதாகச் சொல்லிவிட்டார், படிக்கட்டு அறையைக் கூட்டிப் பெருக்கியும் வைத்திருக்கிறார். மூட்டு வாதத்துக்குப் போன மாதத்திலிருந்து டாக்டர் அவருக்கு ஒரு மாத்திரை கொடுக்கிறார். அட்டையை வாங்கிப் படித்தேன். ஸ்டீராய்டு. வலி குறையும். கூடவே உடம்பின் காவலும் குறையும்.

மேலே போனபோது மாப்பிள்ளை வாளித் தண்ணீரில் பொடியைக் கலக்கிக்கொண்டிருந்தார். அந்த ஆன்டிபயாட்டிக். குஞ்சுகளுக்கு எதுவும் வராமல் இருக்க முன்கூட்டியே கொடுத்துவிடலாமாம்.

"அது வேணாமே மாப்பிள்ளை" என்றேன். யோசிக்காமல், ஒத்திகை இல்லாமல், சத்தமாகவே சொன்னேன்.

"ஏன் மாமா?"

"ஈஸ்ட் பெருகும். கூண்டுக்குப் பக்கத்துல வயசானவங்க உக்காரப்போறாங்க. தொத்திக்கும்."

அவர் கலக்குவதை நிறுத்தி என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்பான சிரிப்பு. பயந்த சுபாவமுள்ள ஒரு பெரியவரைப் பார்த்துச் சிரிப்பது.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு நீங்கதானே மாமா சொன்னீங்க? நிச்சயமாவான்னு கேட்டேன், நிச்சயமான்னீங்களே. அந்த ஒரு வார்த்தையிலதான் நான் எழுந்து நடக்கிறேன்."



"ஆமா" என்றேன்.

வாளியை என் கையில் கொடுத்தார். கிண்ணம் கிண்ணமாக ஊற்றிக்கொண்டே போனேன். குஞ்சுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வந்து குடித்தன.